கிழக்கு பார்த்த பிள்ளை

குழந்தை சேசு இடது கையால் ஆசீர்வதிக்கிறார் என்பதை முதலில் கண்டது உபதேசியார்தான். காலைப் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர், கிழக்குச் சுவரில் கட்டிய புதுக் கெபியின் முன்னால் நின்று சிலுவை வரைவதற்காகக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. கருங்கல் வளைவுக்குள் வர்ணக் கண்ணாடியின் சிவப்பு அங்கியும் நீல ஆகாயமும் மஞ்சள் ஒளிவட்டமும் முதல்முறையாக வெளிச்சம் பிடித்து நின்றன. முன்வரிசைக் கல்லறைகளின் மேல் நிறங்கள் விழுந்திருந்தன. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலில் நின்றார்கள். உபதேசியார் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது நொட்டாங்கை மாதிரில்லா இருக்கு?"

பார்த்தேன். உலக உருண்டை வலது கையில் இருந்தது. தூக்கிய கை இடது கை. நான் வரைந்த படத்தில் அப்படி இல்லை.

முழங்காலில் நின்றவர்களுக்குள் பேச்சு பரவியது. கரமடி வலை இழுக்கும் சிலுவை என்பவன் பின்னாலிருந்து, "இருந்தா என்னவாம்? எங்க சித்தப்பா நொட்டாங்கையாலதான் வல வீசுவாரு. அவருக்குப் படாத மீனா?" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவர் பூங்கனியின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தலையில் கட்டினார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

கெபி அவர் நேர்ந்துகொண்ட நேர்ச்சை. மரியஜான் என்றால் எங்கள் கடற்கரை ஊரில் மட்டுமல்ல, இராஜாக்கமங்கலம் சந்தை வரைக்கும் தெரியும். கருவாட்டு வியாபாரம். அவருக்கு ஒரே மகள், பூங்கனி. அவளைக் கரையிலேயே முதலில் பி.ஏ. படித்தவனுக்குக் கொடுத்தார். அது நான். பங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன மாசியில் பூங்கனி பிரசவத்தில் இறந்தாள். பிள்ளை முதலில் வந்தது. அழவில்லை. பிரசவம் பார்த்த பதிச்சி அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், வாயை உறிஞ்சித் துப்பினாள். பக்கத்தில் செம்பில் தண்ணீர் இருந்தது. இழை மூச்சு இருந்தால்கூடப் போதும், யாராவது தலையில் தண்ணீரை விட்டு மந்திரத்தைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். மூச்சு இல்லை. செத்த பிள்ளைக்குத் தண்ணீர் விடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். செம்பைத் தள்ளி வைத்துவிட்டுப் பூங்கனியைப் பார்க்கத் திரும்பினாள். இதெல்லாம் மாமி சொன்னது. நான் வெளியே தென்னை மூட்டில் நின்றிருந்தேன். சாயந்தரம் பூங்கனியும் போய்விட்டாள்.

பிள்ளையைத் தாயின் கைக்குள் வைத்துப் பெட்டியை மூடும்படி மாமி பங்குச்சாமியிடம் கேட்டாள். காலைப் பிடித்துக் கேட்டாள். சாமியாரின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் முடியாது என்றார். ஞானஸ்நானம் பெறாதது மந்திரித்த மண்ணுக்குள் வரக்கூடாது. "சட்டம் நான் போட்டது இல்லம்மா" என்றார். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஊர்வலம் இரண்டாகப் பிரிந்தது. பெட்டி உள்ளே போனது. மாமியின் தம்பி ஓலைப்பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைச் சுற்றிக் கிழக்கே போனார். அவர் பின்னால் மாமி போனாள். மாமா பெட்டியோடு உள்ளே நடந்தார். நானும் பெட்டியோடு நடந்தேன்.

கிழக்குச் சுவருக்கு அப்பால் வெறும் மணல். தாழம்புதர், எருக்கு. அங்கே எங்கள் கரையின் பிள்ளைகள் எத்தனையோ கிடக்கின்றன. சிலுவை நடக்கூடாது, பெயர் எழுதக்கூடாது. பெயரும்தான் கிடையாதே.

மாமா நேர்ச்சையைச் சொன்னபோது சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கிழக்குச் சுவரின் நடுவில், பூங்கனியின் கல்லறைக்கு நேர் எதிரே, கல்லில் ஒரு வளைவு. வளைவுக்குள் வர்ணக் கண்ணாடியில் குழந்தை சேசு. படித்தவன், கணக்குத் தெரிந்தவன், மேற்பார்வையை நான்தான் பார்க்க வேண்டும் என்றார். சரி என்றேன். கண்ணாடிக்குப் படம் வரைந்து கொடு என்றார் மாமா. சரி என்றேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வகுப்பில் உட்கார்ந்து வரைந்தேன். குழந்தையின் உடம்பை வரைய எனக்கு அளவு தெரியவில்லை. தலை எவ்வளவு இருக்கும், கை எவ்வளவு நீளும். நான் எந்தக் குழந்தையையும் நிதானமாகப் பார்த்ததில்லை. கடைசியில் கோவிலில் இருந்த ஒரு ஜெபப்படத்தைக் கட்டம்போட்டுப் பெரிதாக்கினேன். அதை மதராஸில் கண்ணாடி வேலை செய்கிறவர்களுக்கு அனுப்பினோம்.

கல் வேலைக்கு மயிலாடியிலிருந்து பொன்னுலிங்கம் ஆசாரி வந்தார். கோவில் மதிலோரம் ஓலைக் கொட்டகை போட்டு அங்கேயே தங்கினார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை. சதா பேச்சு. கரையில் எல்லோருடனும் பழகிவிட்டார். மீன் தின்ன மாட்டார் என்று நினைத்திருந்தார்கள். அவர் சாளைப் புளிமுளக் குழம்புக்காகவே வீடு வீடாகப் பழகினார். கல் உளிச்சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கொட்டகையில் உட்காருவேன். மேற்பார்வை என்று பெயர். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் வேறு எதுவும் தோன்றாது. அதற்காகத்தான் போனேன்.

கொடியும் பூவும் மட்டும் போதும் என்று சாமியார் சொல்லியிருந்தார். வளைவின் இரண்டு கால்களும் அப்படியே வந்தன. ஆனால் வளைவு தொடங்குகிற இடத்தில் ஆசாரியின் கை பழகிய வழியில் போய்விட்டது. வாயைப் பிளந்த இரண்டு மகர மீன்கள் வந்து உட்கார்ந்தன. இந்துக் கோவில் திருவாசியில் இருக்குமே, அதுபோல. யானைத் தும்பிக்கையும் மீன் வாலுமாக. சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதென்ன மிருகம்?" என்றார்.

"மீனுதான் சாமி" என்றார் ஆசாரி.

"மீனுக்குத் துதிக்கை உண்டுமா?"

சுற்றி நின்ற கரைக்காரர்களுக்கு விட மனமில்லை. "உண்டும் சாமி, வேளா சுறாவுக்கு மூக்கு இதவிட நீளம்" என்றான் சிலுவை. "யோனாச முழுங்கின மீனு இதுதானே" என்றார் உபதேசியார். சாமியார் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நானும் சிரித்திருக்க வேண்டும். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. சிரிக்கவில்லை போல.

ஆவணியில் கண்ணாடி வந்து சேரவில்லை. திருவிதாங்கூர் தமிழ்ப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பஸ் ஓடவில்லை. பள்ளிக்கூடம் அடைத்திருந்தது. நான் காலையிலிருந்தே கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். பூங்கனியின் பெயரை ஆசாரி கெபியின் அடிக்கல்லில் வெட்டிய நாட்கள் அவை. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் உளியை நிறுத்தி, "இந்த சுழி போதுமா சாரே?" என்பார். சரி என்பேன். கல்தூள் எழும். ஊதிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவார்.

புரட்டாசியில் வைக்கோல் பொதிந்த பெட்டியில் கண்ணாடி வந்தது. உடையாமலிருக்க இரண்டு பக்கமும் தாள் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கத்துத் தாளில் 'முகம்' என்று மசியால் எழுதியிருந்தது. சாந்து இறுகும்வரை தாளை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். கால்கற்களில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் கண்ணாடியை மேலிருந்து இறக்க வேண்டும். இறக்கியதும் வளைவின் மேல்கல்லைத் தூக்கி மேலே வைக்க வேண்டும். கப்பியும் வடமும் கட்டினார்கள். கரமடிக்காரர்கள் வந்து வரிசையாக நின்று, மடியை இழுக்கிற அதே பாட்டைப் பாடிக் கல்லை இழுத்து ஏற்றினார்கள். கண்ணாடியை இறக்கும் முன்னால் ஆசாரி என்னிடம் வந்து என்னவோ கேட்டார். சரி என்றேன்.

இன்று விடியற்காலை இருட்டில்தான், உபதேசியார் வருவதற்கு முன்னால், ஈரத்துணியால் ஒற்றித் தாளை எடுத்தோம்.

"யாருவேய் இப்பிடி வைக்கச் சொன்னது?" என்றார் மாமா.

பொன்னுலிங்கம் ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏன் மொதலாளி? நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கா? எந்தக் கையத் தூக்கியிருக்குன்னு பாரும்."

ஆசாரி பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அட" என்றார். "மொகத்த அந்தப் பக்கம் வச்சதுனால இந்தப் பக்கத்துக்குக் கை மாறிட்டு."

"எதுக்கு அந்தப் பக்கம் வச்சீரு? அங்க ஆரு இருக்கா?"

"சாமி கெழக்க பாத்துதானே இருக்கணும் மொதலாளி? கெழக்கு அந்தப் பக்கம்லா. மேக்க பாத்த சாமி உக்கிரம்பாவ. செத்தவங்கள வச்சிருக்க எடத்துல உக்கிரமா வைக்கப் பிடாதுன்னு நெனச்சேன். இருந்தாலும் சாருகிட்டயும் கேட்டேம்லா. மொகத்தக் கெழக்க வச்சிரட்டான்னேன். செரின்னாவ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா மட்டும் பார்க்கவில்லை. அவர் அடிக்கல்லில் இருந்த பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியார் வந்தார். முன்னால் நின்று பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோட்டாறு மறைமாவட்டத்து மேற்றிராணியார் வந்து கெபியை மந்திரிப்பதாக ஏற்பாடு. அதற்குள் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டார். மேல்கல்லைத் தூக்க வேண்டும், காடியில் சாந்து இறுகிவிட்டது, கண்ணாடி தாங்குமோ என்னவோ என்றார் ஆசாரி.

"ஒடஞ்சா ஒடையட்டு" என்றார் மாமா. "எம் பிள்ளைக்கு நொட்டாங்கை ஆசீர்வாதம் வேண்டாம். அவளுக்கு முதுகக் காட்டிட்டு ஒரு சாமியும் நிக்காண்டாம்." துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். சாமியார் அவர் தோளில் கைவைத்தார். பிறகு கோட்டாற்றுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

மூன்று மணிக்குமேல் கரமடிக்காரர்கள் வந்தார்கள். மறுபடியும் கப்பி, மறுபடியும் வடம். "மீனில்லாத மடிய எத்தன மட்டம்வேய் வலிக்க?" என்று சிலுவை அலுத்துக்கொண்டான். ஆசாரி இந்தப் பக்கத்துச் சாந்தை உளியால் சுரண்டிக்கொண்டிருந்தார். "சாரே, ஒண்ணு செய்யணும். நீங்க அந்தப் பக்கம் போயி நில்லுங்க. கல்லு எழும்பும்போ கண்ணாடி வெளிய சாயாம பிடிச்சுக்கிடணும். வேற ஆளுன்னா பயந்து விட்டிருவான்."

சரி என்றேன்.

கிழக்குச் சுவரில் வாசல் கிடையாது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, கோவில் முற்றத்தைக் கடந்து, கடலோரமாகச் சுற்றி வர வேண்டும். பூங்கனி போன பிறகு அந்த வழியில் நான் நடந்ததே இல்லை. மணல் சூடாக இருந்தது. காய்வதற்காக விரித்திருந்த வலைகளைத் தாண்டினேன். பூங்கனி இந்த மணலில் செருப்பில்லாமல் ஓடுவாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் வருவதைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் சிரிப்பது தெரிகிறது, சத்தம் வரவில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான்.

சுவர் மூலை திரும்பியதும் மாமியைப் பார்த்தேன். தாழம்புதருக்கு இந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சின்னச் சின்ன அடையாளங்கள். ஒரு சங்கு. ஒரு செங்கல் துண்டு. கவிழ்த்து வைத்த சிரட்டை. பாதி புதைந்த ஒரு கண்ணாடி வளையல். யார் யாரோ தங்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்தவை. மாமியின் முன்னால் ஒரு வெள்ளைக் கிளிஞ்சல் இருந்தது. அப்போதுதான் எனக்கு இடம் தெரிந்தது.

"வந்தியா மக்கா" என்றாள். என்னைத் தினமும் எதிர்பார்த்திருந்ததுபோலச் சொன்னாள்.

நான் திரும்பிக் கெபியைப் பார்த்தேன். இந்தப் பக்கத்துக் கல்லில் வேலைப்பாடு இல்லை. உளி கொத்திய தடம் அப்படியே இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தார்கள். அந்த முரட்டுக் கல்லுக்கு நடுவில் குழந்தை நேராக என்னைப் பார்த்தது. இடது கையில் உருண்டை இருந்தது. வலது கை தூக்கியிருந்தது, இரண்டு விரல் நீட்டி. நான் வரைந்தது அப்படியே இருந்தது. முகத்தில் நான் வரையாத ஒன்றும் இருந்தது. மேற்கே வெயில் இறங்கியிருந்தது. பூங்கனியின் கல்லறையைத் தாண்டி வந்த வெயில் கண்ணாடியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து மணலில் விழுந்தது. சிவப்பு, நீலம், கொஞ்சம் மஞ்சள். சங்கின் மேலும் சிரட்டையின் மேலும் விழுந்திருந்தது. கிளிஞ்சலுக்கு இன்னும் வரவில்லை.

"இந்தப் பக்கத்துக்குச் செரியாத்தானே இருக்கு?" என்றாள் மாமி.

"ஆமா."

"திருப்பப் போறாவளோ?"

"ஆமா மாமி."

அவள் சண்டைபோடுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டினாள். "செரி" என்றாள்.

நான் சொல்கிற அதே சரி. அதை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

சுவருக்கு மேலே வடம் விறைத்தது. கண்ணாடியைப் பிடிக்கக் கைகளை உயர்த்தினேன். உள்ளங்கை கண்ணாடியில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு போல. கையை எடுத்துவிட்டேன்.

"சாரே, பிடிச்சாச்சா? வலிக்கச் சொல்லட்டா?" ஆசாரியின் குரல் அந்தப் பக்கமிருந்து வந்தது.

"வேண்டாம்."

கேட்கவில்லை. சிலுவை பாட்டின் முதல் அடியை எடுத்தான்.

"வேண்டாம்!" என்றேன். சத்தமாகவே வந்தது. மாமி நிமிர்ந்து பார்த்தாள். பாட்டு நின்றது.

சுவர் ஒரு ஆள் கழுத்தளவு உயரம். நான் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வடத்தைப் பிடித்தபடி அத்தனை பேரும் நின்றார்கள். ஆசாரி உளியோடு நின்றார். அவர்களுக்குப் பின்னால், கல்லறையின் பக்கத்தில், மாமா.

"என்ன மருமோனே?"

"வேண்டாம் மாமா. திருப்பாண்டாம்."

"எவனுக்கு வேண்டாம்?" என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. "நீ செரின்னு சொன்னதாலதான் இந்தக் கேடு. இப்ப வேண்டாமா? எம் மவ இஞ்ச கெடக்கா. அவளுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கணுமோ அது?"

எனக்குப் பேச்சு வராது என்று நினைத்தேன். வந்தது.

"அவ பெத்ததப் பாத்துட்டு நிக்கிது மாமா."

ஆசாரி மெதுவாக உளியைக் கீழே வைத்தார். கல்லில் உளி படுகிற சத்தம் கேட்டது. சிலுவை வடத்தைத் தளர்த்தினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தளர்த்தினார்கள்.

மாமா குனிந்து பூங்கனியின் கல்லறை விளிம்பில் கிடந்த ஒரு சருகை எடுத்தார். அதைக் கைக்குள் மடக்கிக்கொண்டார். எந்தக் கல்லறையையும் பார்க்காமல், கண்ணாடியையும் பார்க்காமல், தோட்டத்து வாசலை நோக்கி நடந்தார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். சாமியாரைத் தேடிப் போகிறாரோ என்றும் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் மணலில் மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றினேன். வெயில் இறங்க இறங்க நிறங்கள் சுவரைவிட்டு விலகி எங்களை நோக்கி வந்தன. சிரட்டை நீலமானது, பிறகு வெறும் சிரட்டையானது. சிவப்பு ஊர்ந்து கிளிஞ்சலைத் தொட்டது. மாமி அதன் பக்கத்தில் கையை விரித்து வைத்தாள். விரல்கள் சிவந்தன.

"என்ன பிள்ளைன்னு நீ கேக்கவே இல்லியே மக்கா" என்றாள்.

"சொல்லுங்க மாமி."

"பெண்பிள்ள."

எழுந்து பார்த்தேன். தெற்குச் சுவருக்கு மேலே துண்டால் கட்டிய ஒரு தலைப்பாகை தெரிந்தது. கடலோரமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. வலைகள் விரித்த இடத்தில் கொஞ்சம் நின்றது. கோவில் கோபுரத்தின் நிழல் கல்லறைகளின் மேல் நீண்டு கெபியை நெருங்கியிருந்தது. சிவப்பு கிளிஞ்சலைவிட்டுத் தாழம்புதரின் பக்கம் நகரத் தொடங்கியது. மாமி கையை எடுக்காமல் அதோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். தலைப்பாகை மறுபடியும் அசைந்தது. மூலைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது.